எஞ்சின் மேல் இருக்கை

என் மினிபஸ்ஸுக்கு மூக்கு கிடையாது.
எனக்கும் பக்கத்து இருக்கைக்கும் அடியில்
ஒரு தகரத்தையும் கிழிந்த ரெக்ஸினையும் போர்த்திக்கொண்டு
எஞ்சின் படுத்திருக்கிறது.
எல் ஆல்ட்டோவில் விடிகாலை நாலரைக்குக்
குழாய்த் தண்ணீர் கம்பியாய் நிற்கும்.
என் வலது கெண்டைக்கால் மட்டும்
வேறொரு ஊரில் வெந்துகொண்டிருக்கும்.

உனக்கென்ன தெல்ஃபினா, குளிரே தெரியாது என்பார்கள்.
தெரியாதுதான்.
தெரிந்ததெல்லாம், சேஹா ஏற்றத்தில்
கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து
நடுத்தெருவில் வண்டி விக்கி நிற்பது,
பின்னால் நாற்பது ஹாரன்,
சூடு இறங்கும்வரை செல்ஃப் எடுக்காமல்
பக்கத்து ஆளை எழுப்பி, இருக்கையைத் தூக்கித்
தொப்பியால் விசிறுவது.
இந்த உயரத்தில் தண்ணீரே எண்பத்தாறில் கொதித்துவிடும்.
பெட்ரோலைச் சொல்லிக் குற்றமில்லை.

ஞாயிற்றுச் சந்தையில், கழற்றிய கதவுகளுக்கும்
ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
பதினைந்து மீட்டர் கண்ணாடி நார்ப் பட்டை வாங்கினேன்.
விற்றவன் சொன்னது இவ்வளவுதான்:
நனைத்துச் சுற்று. கையுறை போடு.

வாளியில் மேலே பிடித்திருந்த பனிக்கட்டியை உடைத்து
நனைத்தேன். கையுறையை மறந்தேன்.
மேனிஃபோல்டில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும்
முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி
சைலன்ஸர் குழாய் தரைக்குக் குனியும் இடம்வரை
இழுத்து இழுத்துச் சுற்றினேன்.
கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போடுகிறாய் என்றாள்
பக்கத்து வீட்டு ரோகேலியா.
இல்லை. முறிந்ததைக் கட்டினால் ஆறும்.
இது ஆறக் கூடாது என்று கட்டுவது.
சூடு வழியில் எங்கும் இறங்காமல்
கடைசிவரை போய் வெளியே விழ வேண்டும்.

எஃகுப் பட்டியை இடுக்கியால் இறுக்கியபோது
முதல் பட்டி அறுந்து உதட்டில் அடித்தது.
மூன்று நாள் விரல் இடுக்கெல்லாம்
கண்ணுக்குத் தெரியாத முட்கள்.
ரொட்டியைத் தொட்டால் ரொட்டி அரித்தது.

முதல் ஓட்டத்தில் புகை.
கருகிய மயிரும் வெல்லமும் கலந்த நாற்றம்.
ரோகேலியா வாளியோடு ஓடிவந்தாள்.
எரியவில்லை, பதமாகிறது என்றேன்,
எனக்கே நிச்சயமில்லாமல்.

அப்புறம் முள் இறங்கியது.
ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை.
என் இரண்டு காலும்
ஒரே ஊருக்குத் திரும்பின.

செவ்வாய்க்கிழமை சின்ஃபொரோசோ லைமே ஏறினார்.
டயர் கிடங்குக் காவல்காரர்.
இரவெல்லாம் தகரக் கொட்டகையில் நின்றுவிட்டு
என் பக்கத்து இருக்கைக்காக
இரண்டு காலி வண்டிகளை விட்டுவிடுகிறவர்.
உட்காருமுன் உள்ளங்கையை ரெக்ஸின் மேல் வைப்பார்.
வைத்தார்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
"வண்டி புதுசா?" என்றார்.
"இல்லை, அதே வண்டிதான்."
"ஓ."
சில்லறையை எண்ணிக் கொடுத்தார், எப்போதும்போல் சரியாக.

நான் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை.
என் எஞ்சின், என் கால், என் பெட்ரோல்.
சூட்டுக்கு அவர் தனிக் கட்டணம் கொடுத்ததும் இல்லை.
இதையெல்லாம் வெள்ளிக்கிழமைவரை
பின்பக்கக் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வெள்ளிக்கிழமை அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அன்றிரவு இருக்கையைத் தூக்கி
மேனிஃபோல்டின் கழுத்தில் ஒரு சாண் பட்டையை
வெட்டிப் பிரித்து, முனைகளைக் கட்டினேன்.
இந்த முறை கையுறையோடு.

முள் இரண்டு கோடு ஏறி நின்றது.
ஏற்றத்தில் வண்டி ஒரே ஒரு முறை இருமியது.
நான் வையவில்லை.

சனிக்கிழமை இடமில்லாமல்தான் முன்னால் ஏறினார்.
கையை வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார்.
பெட்ரோல் பங்க் தாண்டுமுன் தலை சாய்ந்துவிட்டது,
என் கியர்க் கம்பியின் பக்கமாக.
கியர் மாற்றும்போதெல்லாம்
அவர் தொப்பியைத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

அவர் இறங்கும் முனை வந்தது.
போனது.
அடுத்த முனையில் எழுப்பலாம் என்று
ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.